லீட்ஸில் 44 நாள், நாட்டிங்ஹாமில் 18 ஆண்டு

2025 அக்டோபர் 18, சனிக்கிழமை. சொந்த மைதானத்தில் செல்சியிடம் 0-3 என்று தோற்றது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். கடைசி விசில் ஊதி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, மேனேஜர் ஆஞ்ச் போஸ்டகோக்லுவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அவர் வந்து 39 நாள்தான் ஆகியிருந்தது. எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த வருடம் மே மாதம்தான் டாட்டனமுக்கு யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதர். முதலாளி மரினாகிஸ் ஆட்டம் முடியும் முன்பே இருக்கையிலிருந்து எழுந்து போனதைத் தொலைக்காட்சி காட்டியது.

நான் அப்போது லீட்ஸில் நண்பர் வீட்டில் இருந்தேன். அந்தச் செய்தியைப் பேசியவர்கள் எல்லாரும் கூடவே 44 என்ற எண்ணையும் இழுத்தார்கள். 1974இல் பிரையன் க்ளஃப் லீட்ஸ் யுனைடெட்டில் மேனேஜராக இருந்த நாள்களின் எண்ணிக்கை அது. விந்தை என்னவென்றால், அதே க்ளஃப்தான் பிறகு ஃபாரஸ்டில் 18 ஆண்டு இருந்து, இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். லீட்ஸில் தலைகுப்புற விழுந்த மனிதர் ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து நாட்டிங்ஹாமில் எப்படி நிமிர்ந்தார்? நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் டார்பி இருக்கிறது. அங்கேயும் அவர் கைவரிசை உண்டு. மூன்று ஊரையும் பார்த்துவிடலாம் என்று அந்த வாரமே கிளம்பினேன்.

லீட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து எல்லண்ட் ரோடு மைதானத்துக்கு பஸ் இருக்கிறது. நான் நடந்தேன். ஹோல்பெக் பகுதியின் பழைய செங்கல் ஆலைகள், ரயில் பாலத்துக்கு அடியில் கார் மெக்கானிக் கடைகள், அப்புறம் எம்621 நெடுஞ்சாலையின் இரைச்சல். அதைத் தாண்டியதும் மைதானம். ஆட்டம் இல்லாத நாளில் கால்பந்து மைதானத்தைச் சுற்றி நடப்பது கல்யாணம் முடிந்த மண்டபத்தைச் சுற்றுவது மாதிரி; எனக்கு அது பிடிக்கும்.

மூலையில் பில்லி ப்ரெம்னர் கைகளைத் தூக்கி நிற்கிறார். குட்டையான, சிவந்த முடிக்கார ஸ்காட்லாந்துக் கேப்டன். சிலையின் காலடியில் மழையில் நனைந்து சாயம் இறங்கிய கழுத்துத்துணிகள் கட்டியிருந்தன. சாலையின் எதிர்ப்பக்கம் டான் ரெவியின் சிலை. 2012இல் வைத்தார்கள். 1961இலிருந்து 1974 வரை 13 ஆண்டு இந்தக் கிளப்பை ஆண்டவர். இரண்டாம் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த அணியை எடுத்து, நீலமும் மஞ்சளுமாக இருந்த சட்டையை முழு வெள்ளையாக்கி, 1969, 1974 என இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எதிரணி வீரர் ஒவ்வொருவரைப் பற்றியும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி வாங்கிப் படிப்பார். வெளியூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஓட்டலில் வீரர்களை உட்காரவைத்து பிங்கோ விளையாடச் சொல்வார். ராசியான நீல சூட் ஒன்று வைத்திருந்தார். வீரரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் பூங்கொத்து போகும். அது கிளப் இல்லை, கூட்டுக்குடும்பம்.

அந்தக் குடும்பத்தைத்தான் க்ளஃப் பல வருடமாகப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். முரட்டு ஆட்டம், நடுவரை ஏமாற்றுகிறார்கள், இவர்களைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ள வேண்டும் என்று எழுதியே விட்டார். 1974 கோடையில் ரெவி இங்கிலாந்து தேசிய அணிக்குப் போனார். தன் இடத்துக்கு ஜானி ஜைல்ஸ் என்ற நடுக்கள வீரரைப் பரிந்துரைத்துவிட்டும் போனார். நிர்வாகக் குழு அதைக் கண்டுகொள்ளாமல் ஜூலை 30 அன்று க்ளஃபை அமர்த்தியது. இத்தனைக்கும் ரெவி, க்ளஃப் இருவருமே மிடில்ஸ்பரோ என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஊர்க்காரப் பகை கொஞ்சம் ஆழமாகத்தான் போகும்.

முதல் கூட்டத்தில் நடந்ததை அங்கிருந்த வீரர்கள் பின்னாளில் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: நீங்கள் வாங்கிய பதக்கங்களைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ஒன்றைக்கூட நேர்மையாக வாங்கவில்லை என்றார் புது மேனேஜர். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று மாதம் முன்பு லீக் சாம்பியன் ஆனவர்கள்.

எல்லண்ட் ரோட்டுக்கு எதிரில் ஓல்ட் பீகாக் என்று ஒரு மதுக்கடை. உள்ளே சுவர் முழுக்கப் பழைய லீட்ஸ் படங்கள். பக்கத்து மேசையில் எழுபது வயது தாண்டிய ஒருவர் இஞ்சி பீரை வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். க்ளஃப் பற்றிக் கேட்டேன்.

“இந்தக் கடையில அந்தப் பேரச் சொல்லக் கூடாது,” என்றார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு. கோபமில்லை, சிரிப்புதான். “பதக்கத்தத் தூக்கிப் போடுன்னு சொன்னதக்கூட விட்டுடலாம். தோத்தாரே, அதத்தான் மன்னிக்க முடியல.”

வெம்ப்ளியில் லிவர்பூலோடு சாரிட்டி ஷீல்டு ஆட்டம். ப்ரெம்னரும் லிவர்பூலின் கெவின் கீகனும் அடித்துக்கொண்டு, வெளியே அனுப்பப்பட்டு, சட்டையைக் கழற்றி எறிந்தார்கள். ப்ரெம்னருக்குப் பல ஆட்டத் தடை. லீக்கின் முதல் ஆட்டம் ஸ்டோக்கிடம் 0-3. அடுத்தது சொந்த மண்ணில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் 0-1. ஆறு லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. செப்டம்பர் 12 அன்று கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே யார்க்‌ஷயர் தொலைக்காட்சி க்ளஃபையும் ரெவியையும் ஒரே அரங்கில் அருகருகே உட்காரவைத்தது. இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள். உங்களைவிட நன்றாக ஜெயிக்க நினைத்தேன் என்கிறார் வேலை போனவர். போன சீசன் முழுக்க நாங்கள் தோற்றதே நாலு ஆட்டம்தான், அதைவிட நன்றாக எப்படி ஜெயிப்பீர்கள் என்கிறார் மற்றவர். நான் மூன்று ஆட்டம் மட்டும் தோற்கலாமே என்று அதற்கும் பதில் வைத்திருந்தார் க்ளஃப்.

டேவிட் பீஸ் இதை வைத்து 2006இல் எழுதிய நாவலும் 2009இல் வந்த படமும்தான் இந்த 44 நாளை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. நல்ல படம்தான். ஆனால் க்ளஃப் குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை; நாவலைப் பதிப்பித்தவர்கள்மீது ஜானி ஜைல்ஸ் வழக்குப் போட்டு வென்றார். படம் பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வருபவர்கள் எல்லாத் தப்பையும் க்ளஃப் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதித் தப்பு, குடும்பத்தைத் திட்டியவனையே குடும்பத் தலைவனாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முணுமுணுப்பு எழுந்ததும் ஒதுங்கிக்கொண்ட நிர்வாகக் குழுவுடையது. மீதித் தப்பில் பெரும் பங்கு, அவர் தனியாக வந்தது. பீட்டர் டெய்லர் வரவில்லை.

டெய்லர் யார் என்று தெரிய டார்பிக்குப் போக வேண்டும்.

லீட்ஸிலிருந்து டார்பிக்கு நேரடி ரயில் வேக்ஃபீல்டு, ஷெஃபீல்டு, செஸ்டர்ஃபீல்டு வழியாகப் போகிறது. செஸ்டர்ஃபீல்டில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே தேவாலயக் கோபுரம் ஒன்று முறுக்கிய கயிறுபோலத் திருகிச் சாய்ந்து நிற்கிறது. எதிர் இருக்கையில் ஒரு பையன் கைபேசியில் ஃபாரஸ்ட் செய்தி படித்துக்கொண்டிருந்தான். புதிய மேனேஜராக ஷான் டைச் வந்திருந்தார். அவர் இதே செஸ்டர்ஃபீல்டில் பல ஆண்டு ஆடியவர். அதற்கு முன் ஃபாரஸ்டில் இளம் பயிற்சி வீரராக இருந்தார், க்ளஃபின் கண்ணெதிரில். முதல் அணியில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

டார்பி நிலையத்திலிருந்து பிரைடு பார்க் மைதானத்துக்குக் கால் மணி நேர நடை. அலுவலகக் கட்டடங்கள், கார் ஷோரூம்கள். அழகு என்று எதுவும் இல்லை. 1997இல்தான் டார்பி கவுண்ட்டி இங்கே வந்தது. மைதான வாசலில் க்ளஃபும் டெய்லரும் ஆள் உயரத்தைத் தாண்டிய வெண்கலத்தில் ஒன்றாக நிற்கிறார்கள். 2010இல் திறந்தது. இரண்டு மேனேஜர்களுக்கு ஒரே பீடத்தில் சிலை வைத்த கிளப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இருவரும் மிடில்ஸ்பரோ அணியில் சந்தித்தவர்கள். டெய்லர் கோல்கீப்பர். க்ளஃப் சென்டர் ஃபார்வர்டு. 274 லீக் ஆட்டத்தில் 251 கோல். இப்போது படித்தாலும் அச்சுப்பிழையோ என்று தோன்றும் கணக்கு. 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சண்டர்லாந்துக்காக ஆடும்போது, உறைந்த தரையில் கோல்கீப்பரோடு மோதி முழங்கால் தசைநார் அறுந்தது. ஆட்டக்காரன் வாழ்க்கை முடிந்தது. 30 வயதில், 1965இல், நான்காம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த ஹார்ட்டில்பூல் அவரை மேனேஜராக்கியது. அவர் முதலில் செய்த காரியம் டெய்லரைக் கூப்பிட்டதுதான். காசில்லாத கிளப், அணியின் பஸ்ஸைத் தானே ஓட்டலாம் என்று க்ளஃப் அதற்கு லைசென்ஸ்கூட வாங்கிவைத்தார்.

1967இல் இருவரும் டார்பிக்கு வந்தார்கள். ஆள் கண்டுபிடிப்பது டெய்லர். அந்த ஆளைப் பேசி மடக்குவது, ஓட ஓட வேலை வாங்குவது க்ளஃப். ராய் மெக்ஃபார்லண்ட் என்ற பத்தொன்பது வயதுத் தடுப்பாட்டக்காரரை ட்ரான்மியரிலிருந்து எடுக்க, நள்ளிரவில் வீட்டுக்கே போய்த் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். கிளப்பில் பழைய ஆள்கள் பலரை அனுப்பினார்கள். தோற்ற நாளில் சிரித்ததற்காகத் தேநீர் போடும் பெண்கள் இருவரையும் அனுப்பியதாக ஒரு கதை உண்டு. டார்பியில் எல்லாரும் சொல்வார்கள்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பலன் என்ன? அவர்கள் வருவதற்கு முந்தைய சீசனில் டார்பி இரண்டாம் டிவிஷனில் 17ஆம் இடம். அவர்கள் வந்த முதல் சீசனில் 18ஆம் இடம். இன்றைக்கென்றால் தீபாவளி வரைகூடத் தாங்கியிருக்க மாட்டார்கள். தலைவர் சாம் லாங்சன் பொறுத்தார். அடுத்த ஆண்டு இரண்டாம் டிவிஷன் சாம்பியன். 1972இல் இங்கிலாந்தின் சாம்பியன். தங்கள் ஆட்டத்தை எல்லாம் முடித்துவிட்டு, போட்டியாளர்கள் சறுக்குவார்களா என்று காத்திருந்தார்கள், சறுக்கினார்கள். அந்தச் சேதி வரும்போது வீரர்கள் டெய்லரோடு மயோர்க்கா தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். க்ளஃப் குடும்பத்தோடு சில்லி தீவுகளில்.

பழைய மைதானமான பேஸ்பால் கிரவுண்டு எங்கே இருந்தது என்று பார்க்க நார்மண்டன் பக்கம் போனேன். பஞ்சாபி மளிகைக் கடைகள், துணிக்கடைகள், குருத்வாராக்கள் என்று நம் பக்கத்து வாசனை அடிக்கும் பகுதி. பேர் ஏன் பேஸ்பால் என்றால், பக்கத்திலிருந்த வார்ப்பாலையின் முதலாளி ஃபிரான்சிஸ் லே அமெரிக்கா போய்த் திரும்பி, தொழிலாளிகளுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கப் பார்த்தார். ஆட்டம் ஒட்டவில்லை, பேர் ஒட்டிக்கொண்டது. 1977இல் இங்கே ஒரு ஆட்டத்தின் நடுவே பெனால்டி புள்ளி சேற்றில் காணாமல் போய், ஊழியர் வாளியும் பிரஷும் கொண்டுவந்து புதிதாக வரைந்திருக்கிறார். இன்று அந்தச் சேற்றின்மேல் வரிசை வீடுகள். வாசலில் குழந்தைகளின் சைக்கிள்கள் கிடந்தன. விளையாட்டு வீரர்களைக் காட்டும் ஒரு நினைவுச் சிற்பம் மட்டும் இருக்கிறது. அதை நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, காய்கறிப் பையோடு வந்த ஒரு சர்தார் பெரியவர் நின்று, “கூட்டம் கத்தினா எங்க சமையலறைப் பாத்திரம் ஆடும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

1973 அக்டோபரில் தலைவரோடு முட்டிக்கொண்டு க்ளஃபும் டெய்லரும் ராஜினாமா செய்தார்கள். ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள், வீரர்கள் அவர்களைத் திரும்பக் கூப்பிடு என்று கொடி பிடித்தார்கள். அந்தக் கொதிப்புக்கு நடுவில் புது மேனேஜராக வந்து இறங்கியவர் டேவ் மெக்கே. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்துப்போன மனிதர் இவர்தான். இவருக்கு யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்த ஒரு படத்தில் தன்னைத் தவறாகக் காட்டினார்கள் என்று வழக்குப் போட வேண்டியதாயிற்று. வீரர்கள் வேலைநிறுத்தம் என்று மிரட்டியபோது, சரி, நீங்கள் வராவிட்டால் வேறு ஆள்களை வைத்து ஆடுகிறேன் என்ற தோரணையில் நின்றார். மசிந்தார்கள். 1975இல் அதே அணியை லீக் சாம்பியன் ஆக்கினார். பகை நிறைந்த இடத்துக்குள் போயும் பிழைத்தார். ஏனென்றால் மெக்கே அந்த வீரர்களில் பாதிப்பேருக்குக் கேப்டனாக இருந்தவர், க்ளஃபே அழைத்து வந்தவர். அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி இருந்தது. லீட்ஸில் க்ளஃபுக்கு அது இல்லை. தன் பழைய அணியின் பாசத்தை அனுபவித்த மனிதருக்கு, ரெவியின் வீரர்களுக்கும் அதே பாசம் இருக்கும் என்று பத்தே மாதத்தில் எப்படி மறந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. டெய்லர் கூட இருந்திருந்தால் காதைப் பிடித்துச் சொல்லியிருப்பார். அவரோ இருவரும் டார்பிக்குப் பிறகு ஒன்றாகப் போன பிரைட்டனிலேயே தங்கிவிட்டார்.

டார்பியிலிருந்து நாட்டிங்ஹாமுக்கு ரெட் ஆரோ என்று ஒரு பஸ். இரண்டு ஊரையும் இணைக்கும் ஏ52 சாலைக்கு 2005இலிருந்து பிரையன் க்ளஃப் வே என்று பெயர். பலகை வந்ததும் படம் எடுக்கலாம் என்று கைபேசியைத் தயாராக வைத்திருந்தேன். லாரி மறைத்துவிட்டது. இந்தச் சாலையின் இரு முனையிலும் இருக்கும் கிளப்புகள் ஒன்றையொன்று அறவே வெறுப்பவை. வேறெந்த மனிதரின் பெயருக்கும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்காது.

நாட்டிங்ஹாமில் ஓல்டு மார்க்கெட் சதுக்கத்துக்குப் பக்கத்தில், கிங் தெருவும் குயின் தெருவும் சேரும் முனையில் க்ளஃபின் சிலை. கோட்டு சூட்டு இல்லை. பயிற்சிக்குப் போடும் ஸ்வெட்டர், தலைக்கு மேல் கோத்த இரு கைகள். அந்த இடத்தையே நகராட்சி யாரும் நின்று பேசலாம் என்று பேச்சாளர் முனையாக ஒதுக்கியிருக்கிறது. வாய் ஓயாத மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன செய்ய முடியும்? நான் போனபோது அரசியல் யாரும் பேசவில்லை. கல்லூரிப் பெண்கள் சிலர் பீடத்தடியில் உட்கார்ந்து உருளை வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் ட்ரெண்ட் ஆறு. நமக்கெல்லாம் கிரிக்கெட்டால் தெரிந்த ட்ரெண்ட் பிரிட்ஜ் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதை ஒட்டியே ஃபாரஸ்டின் சிட்டி கிரவுண்டு. க்ளஃபுக்கு கிரிக்கெட் பைத்தியம் உண்டு. வேலை இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் டெஸ்ட் மைதானம் கிடைத்தது அவர் யோகம்.

1975 ஜனவரி 6 அன்று இங்கே வந்தார். ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடம். சொந்த ஊர்ப் போட்டியாளரான நாட்ஸ் கவுண்ட்டியிடம் தோற்றதும் பழைய மேனேஜரை அனுப்பியிருந்தார்கள். இந்த முறை பதக்கப் பேச்சு எதுவும் இல்லை. பேச அங்கே பதக்கமும் இல்லை. டெய்லர் இன்னும் வரவில்லை. ஆனால் தனியாகவும் வரவில்லை: டார்பியிலும் லீட்ஸிலும் கூட இருந்த பயிற்சியாளர் ஜிம்மி கார்டன் வந்தார். அடுத்த மாதமே ஜான் மெக்கவர்ன், ஜான் ஓஹேர் என்ற இரண்டு வீரர்களையும் லீட்ஸிலிருந்து இழுத்துக்கொண்டார். லீட்ஸ் ரசிகர்கள் மெக்கவர்னைக் கேலி செய்து விரட்டியவர்கள். அவர்தான் பிறகு கேப்டனாக இரண்டு ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்.

அந்த அரை சீசனின் முடிவில் ஃபாரஸ்ட் 16ஆம் இடம். திரும்பவும் கீழேதான் போனது! அடுத்த சீசன் எட்டாம் இடம். 1976 கோடையில் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் மூன்றாம் இடம் பிடித்துத் தட்டுத்தடுமாறி முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1978இல் லீக் சாம்பியன். 1979இல் மியூனிக்கில் மால்மோவை 1-0, 1980இல் மட்ரிட்டில் ஹாம்பர்க்கை 1-0. நடுவில் 42 லீக் ஆட்டம் தோல்வியே இல்லை; 2004இல் ஆர்செனல்தான் அதை முறியடித்தது.

இதில் நான் வியப்பது வேறொன்றை. விவ் ஆண்டர்சன், இயன் போயர், டோனி வுட்காக், ஜான் ராபர்ட்சன் நால்வரும் மியூனிக் இறுதியாட்டத்தில் முதல் பதினொன்றில் இருந்தவர்கள். மார்ட்டின் ஓநீல் மாற்று வரிசையில். ஐந்து பேருமே க்ளஃப் வந்த அன்று ஏற்கெனவே ஃபாரஸ்டில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். ராபர்ட்சனை விற்றுவிடலாம் என்று பட்டியலில்கூட வைத்திருந்தார்கள். உடம்பு கொஞ்சம் பெருத்து, சோம்பலாகத் திரிந்தவர். அவர் இடது ஓரத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தில்தான் ட்ரெவர் ஃபிரான்சிஸ் மியூனிக் கோலை அடித்தார். மட்ரிட் கோலை ராபர்ட்சனே அடித்தார். அவரை வைத்துத்தான் க்ளஃப், டெய்லர் நட்பும் முறிந்தது. 1983இல் டார்பி மேனேஜராகிவிட்ட டெய்லர், க்ளஃபிடம் சொல்லாமல் ராபர்ட்சனை அங்கே கூட்டிப்போனார். அதன்பின் இருவரும் பேசவில்லை. 1990இல் டெய்லர் இறந்துபோனார். சிட்டி கிரவுண்டில் இன்று ஒரு பக்கம் பிரையன் க்ளஃப் ஸ்டாண்டு, நேர் எதிர்ப்பக்கம் பீட்டர் டெய்லர் ஸ்டாண்டு.

மைதானத்துக்கு வெளியே மீன் வறுவல் கடையில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற, சிவப்புத் தொப்பி போட்டவரிடம் புது மேனேஜர் எப்படி என்று கேட்டேன். டைச் தன் முதல் ஆட்டத்தில் போர்ட்டோவை 2-0 என்று வென்றிருந்தார். கூட அழைத்து வந்திருந்தவர்கள் இயன் வோனும் ஸ்டீவ் ஸ்டோனும். இருவரும் க்ளஃப் காலத்தில் இங்கேயே ஆடத் தொடங்கியவர்கள்.

“நல்ல ஆள்தான். பாக்கலாம்,” என்றார்.

“எவ்வளவு நாள் கொடுப்பீங்க?”

“கிறிஸ்துமஸ் வரைக்கும்.”

க்ளஃப் வந்த முதல் அரை சீசனில் அணி 13இலிருந்து 16க்கு இறங்கியதைச் சொன்னேன். வினிகர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப மரினாகிஸ் இல்லையே,” என்றார்.